ஷவ்வாலை விழுங்கிய ஷெல்

கிழக்கிலங்கையில் என் தலைமுறையினரிடம் ஷெல் என்று சொன்னால், வானத்திலிருந்து வந்து விழுந்ததுதான் முதலில் நினைவுக்கு வரும். நான் எழுத வந்தது அந்த ஷெல்லைப் பற்றியல்ல. கணினியின் கறுப்புத் திரையில் கட்டளைகளைத் தட்டச்சிட்டு வேலை வாங்குகிறோமே, அந்தக் கட்டளைகளை வாசித்து நிறைவேற்றும் நிரலுக்கும் ஷெல் என்றுதான் பெயர். அதற்கும் மருதமுனைக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். எங்களூர் எழுத்துகள் சில, அதன் ஒரேயொரு தெரிவு எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதில் தங்கியிருந்தன.

மருதமுனை நெசவுக்குப் பெயர்போன ஊர். அதே அளவுக்குப் புலவர்களுக்கும் பெயர்போனது. 2004 டிசம்பர் 26 ஆம் நாள் கடல் ஊருக்குள் வந்தபோது, உயிர்களோடும் வீடுகளோடும் கையெழுத்துப் பிரதிகளும் போயின. அந்தக் கணக்கை எவரும் எடுத்ததில்லை; எடுக்கும் மனநிலையும் அன்று எவருக்கும் இருக்கவில்லை. பத்திரிகைகளுக்கும் சிறு மலர்களுக்கும் அனுப்புவதற்கென முன்னரே கணினியில் தட்டச்சிடப்பட்டவை மட்டும் சில குறுந்தட்டுகளில் எஞ்சியிருந்தன. அவை அனைத்தும் பாமினி எழுத்துருவில் இருந்தன.

பாமினியை அறியாத இளையோருக்காகச் சிறிது விளக்க வேண்டும். அது ஆங்கில எழுத்துகளுக்கு மேல் தமிழ் உருவங்களைப் போர்த்திய எழுத்துரு. கோப்பினுள்ளே தமிழ் இல்லை. "தமிழ்" என்ற சொல் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்றே சேமிக்கப்பட்டிருக்கும். அரைப்புள்ளிதான் மெய்யெழுத்தின் புள்ளி. ஜ, ஸ ஆகிய கிரந்த எழுத்துகள் சதுர அடைப்புக்குறிகளில் அமர்ந்தன. ஷகரத்துக்குக் கிடைத்த இடம் பின்சாய்கோடு. கணினி உலகில் பின்சாய்கோட்டைப் போல வில்லங்கமான குறி வேறில்லை. முஸ்லிம் ஊரொன்றின் எழுத்தில் ஷகரம் எத்தனை முறை வரும் என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

2005 இல் எங்களூர் இளைஞர் ஒருவர் பாமினிக் கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றச் சிறிய ஷெல் நிரலொன்றை எழுதித் தந்தார். ஒவ்வொரு வரியாக வாசித்து, அதை எக்கோ என்ற கட்டளையால் வெளியிட்டு, எழுத்துகளை மாற்றும் செட் என்ற கருவிக்கு அனுப்புவது அதன் வேலை. கெட்டிக்காரப் பிள்ளை. வரியை வாசிக்கும் ரீட் கட்டளை பின்சாய்கோட்டைத் தின்றுவிடும் என்பதை அறிந்து, அதைத் தடுக்கும் ஆர் என்ற தெரிவையும் சேர்த்திருந்தார். நிரல் நன்றாகவே ஓடியது.

சில ஆண்டுகள் கழித்து, புதிதாக நிறுவிய லினக்ஸ் கணினியில் அதே நிரலை எஞ்சிய கோப்புகள் மீது ஓட்டினோம். பிழைச்செய்தி எதுவும் வரவில்லை. நோன்புப் பெருநாள் பற்றிய பழைய கட்டுரையொன்றை வாசித்த மூத்த எழுத்தாளர்தான் ஷவ்வால் மாதத்தைக் காணவில்லை என்றார். பார்த்தால் வெற்றிடமும் அநாதையான புள்ளியொன்றும் "வால்" என்பதுமே மிச்சம். "விஷயம்" என்ற சொல்லில் ஷவும் யவும் இல்லை. ஷேக் என்று தொடங்கும் பெயர்களில் ஷேக்கே இல்லை.

நடந்தது இதுதான். பாமினியில் வகரம் ஆங்கில டி, யகரம் ஏ, ககரம் எஃப். பின்சாய்கோட்டை அடுத்து டி வந்தால் தத்தல், ஏ வந்தால் மணியோசை, எஃப் வந்தால் புதிய பக்கம் என்று பொருள்கொள்ளும் எக்கோவும் உலகில் உண்டு. எங்கள் கட்டுரைகள் "விஷயம்" என்று சொன்ன இடமெல்லாம் கணினி மணியடிக்க முயன்றிருக்கிறது! ஷா, ஷி, ஷ் ஆகியவற்றுக்கு அப்படியொரு பொருள் இல்லாததால் அவை தப்பின. எங்களூர்ப் புலவர்மணி ஆ.மு. ஷரிபுத்தீன் அவர்களின் பெயரும் அவ்வாறே தப்பியது. பெரும்பாலான ஷகரங்கள் பிழைத்துக்கொண்டதால்தான், பிழை நெடுநாள் எவர் கண்ணிலும் படவில்லை.

ஒரே கட்டளை இரண்டு கணினிகளில் இரண்டு விதமாக நடப்பானேன்? இங்குதான் வரலாறு வருகிறது. பெல் ஆய்வுகூடத்தின் ஸ்டீபன் போர்ன் எழுதிய ஷெல் 1979 இல் ஏழாம் பதிப்பு யுனிக்ஸுடன் வெளிவந்தது. அதன் பெயர் எஸ்ஹெச் என்ற இரண்டே எழுத்துகள். பின்னர் யுனிக்ஸ் குடும்பம் பிரிந்தது. ஏடிஅண்ட்டியின் சிஸ்டம் ஃபைவ் கிளையில் எக்கோ பின்சாய்கோட்டுக்குப் பொருள்கொண்டது. பெர்க்லி கிளையில் உள்ளதை உள்ளபடி வெளியிட்டது. 1992 இல் ஷெல்லுக்கான பொசிக்ஸ் நியமம் வந்தபோது இந்தப் பிணக்கைத் தீர்க்கவில்லை. பின்சாய்கோடு வந்தால் எக்கோ எப்படியும் நடக்கலாம் என்று விட்டுவிட்டு, பிரின்ட்எஃப் கட்டளையைப் பயன்படுத்துங்கள் என்றது. சமரசம் என்பது சில வேளைகளில் பிணக்கை அடுத்த தலைமுறையின் வாசலில் இறக்கிவைப்பதுதான்.

க்னூ திட்டத்துக்காக பிரையன் ஃபாக்ஸ் எழுதி 1989 இல் வெளிவந்த பாஷ், இணக்கத்தைப் பொருத்து நெகிழ்ந்து கொடுப்பது. எஸ்ஹெச் என்ற பெயரால் அழைத்தால் பொசிக்ஸ் முறைக்கு மாறும். பொசிக்ஸ்படி நட என்று சூழல் மாறியொன்றின் மூலமும் அதற்குச் சொல்லலாம். (நியமம் மீதிருந்த எரிச்சலில் ரிச்சர்ட் ஸ்டோல்மன் அந்த மாறிக்கு முதலில் வைத்தது கேலிப்பெயர், பின்னரே நாகரிகமான பெயர் வந்தது.) ஆனால் பொசிக்ஸ் முறையிலும் பாஷ் தன் சொந்த வசதிகளை மூடிவிடுவதில்லை. எக்கோவும் லினக்ஸில் பெர்க்லி வழக்கப்படியே நடக்கும். மறுவழக்கு வேண்டுமாயின் எக்ஸ்பிஜி எக்கோ என்ற தெரிவை இயக்க வேண்டும். இந்தத் தாராளம் நல்லதா என்பதில் எனக்கு ஐயமுண்டு. எஸ்ஹெச் என்று முதல் வரியில் எழுதிவிட்டு பாஷின் பழக்கங்களில் தங்கியிருந்த நிரல்கள் உலகெங்கும் பெருகின. எங்கள் பாமினி மாற்றியும் அவற்றுள் ஒன்று.

2006 ஒக்டோபரில் வெளிவந்த உபுண்டு 6.10, எஸ்ஹெச் என்ற பெயரை பாஷிடமிருந்து எடுத்து டாஷ் என்ற சிறிய, வேகமான ஷெல்லுக்குக் கொடுத்தது. கணினி விரைவாக எழும்ப வேண்டும் என்பதே நோக்கம். டெபியன் 2011 இல் அதே வழியில் சென்றது. டாஷின் எக்கோ சிஸ்டம் ஃபைவ் மரபு. நியமத்தின்படி அதில் குற்றம் ஏதுமில்லை. பாஷ் நடந்ததும் குற்றமில்லை. இரண்டும் சட்டத்துக்கு உட்பட்டே நடக்க, நடுவில் ஷவ்வால் போயிற்று.

1990 இல் போல் ஃபால்ஸ்டாட் எழுதிய இசட்-ஷெல் இன்னொரு வழியைக் காட்டியது. எமுலேட் என்ற கட்டளையால் எந்த ஷெல்லாக நடிக்க வேண்டும் என்பதை நிரலுக்குள்ளேயே வெளிப்படையாகச் சொல்லலாம். அதன் எக்கோவும் இயல்பாகப் பின்சாய்கோட்டுக்குப் பொருள்கொள்வதுதான், பி.எஸ்.டி. எக்கோ என்ற தெரிவை இயக்கினால் அடங்கிவிடும். 2019 இல் அப்பிள் தன் மக் கணினிகளில் இதையே இயல்பு ஷெல்லாக்கியது.

எங்கள் நிரலில் ஒரே சொல்லை மாற்றினோம்: எக்கோ இருந்த இடத்தில் பிரின்ட்எஃப், வரியை அப்படியே வெளியிடு என்ற வடிவக் குறியோடு. எந்த ஷெல்லிலும் இனி ஷகரம் ஷகரமாகவே வரும். ஒருங்குறியில் சேமித்த பழுதான கோப்புகளைத் திருத்த வழியில்லை. தத்தலாகப் போனது ஷவ்வாலா வேறேதுமா என்பதை அந்தக் கோப்பே சொல்லாது. மூலப் பாமினிக் குறுந்தட்டுகளை எறியாமல் வைத்திருந்ததால் எல்லாவற்றையும் மறுபடி மாற்றினோம். இரண்டு தட்டுகள் மட்டும் வாசிக்க முடியாதபடி உரிந்துவிட்டன. அவற்றிலிருந்த கட்டுரைகளில் ஷகரம் விழுந்த இடங்களை, எழுதியவர்கள் உயிரோடிருக்கையில் அவர்களிடமே கேட்டு, ஒவ்வொன்றாகக் கையால் நிரப்பிக்கொண்டிருக்கிறேன்.