திருவிதாங்கூரின் வரி நீக்கமும் செலவு முன்னுரிமையும்

அரசுப் பணம் யாருக்குச் சோறு போட வேண்டும் என்ற கேள்வி திருவனந்தபுரத்தில் மிகப் பழையது. நகரின் வலியசாலைப் பகுதியிலுள்ள மகாதேவர் கோயிலோடு ஆய்வாளர் பலர் இணைத்துப் பேசும் காந்தளூர்ச் சாலை, மாணவரைப் பேணிய கல்விக்கூடம். அதன் முறையை ஒட்டி ஆய் மன்னன் கருநந்தடக்கன் 866-இல் பார்த்திவசேகரபுரத்தில் 95 மாணவருக்குச் சாலை அமைத்து நிலம் விட்டதைச் செப்பேடு சொல்கிறது. மக்களின் கல்விச் செலவை அரசே ஏற்க வேண்டும் என்று திருவிதாங்கூர் ராணி கௌரி பார்வதி பாயி 1817-இல் ஆணையிட்டார்.

வரிச்சுமை மட்டும் குறையவில்லை. மரமேறும் ஏணிக்கு ஏணிக்கரம், மீன்வலைக்கு வலைக்கரம், ஆளுக்குத் தலைக்கரம் எனக் கீழ்ச்சாதியார் என ஒதுக்கப்பட்டோரின் உழைப்பையே அரசு பிழிந்தது. யாழ்ப்பாணத்துப் புகையிலையும் உள்ளூர் மிளகும் அரசின் ஏகபோகம்.

கும்பகோணத்துக்காரரான மாதவராவ் 1858-இல் திவானானபோது கஜானா வறண்டு, சம்பளமே பாக்கி நின்றது. அந்த நெருக்கடியில் வரியைக் கூட்டாமல் குறைத்ததுதான் அவருடைய துணிச்சல். அந்த ஏகபோகங்கள் ஒழிந்தன, புகையிலைக்குச் சுங்கம் மட்டும் மிஞ்சியது. தலைக்கரம் உள்ளிட்ட சில்லறை வரிகள் போயின. 1865-இன் பண்டாரப்பாட்டப் பிரகடனம், அரசு நிலத்தை உழுதவர்களுக்கே அதை உரிமையாக்கியது. விற்கவும் அடகு வைக்கவும் அவர்களால் முடிந்தது. கஜானா காலியாகவில்லை, கடன் அடைந்தது. தலைமைச் செயலகத்தின் எதிரே அவர் சிலை நிற்கிறது. அங்குள்ள பேருந்து நிறுத்தத்தின் பெயரே ஸ்டாச்சு.

செலவுப் பக்கத்தில் அந்த நியாயம் இல்லை. ஊட்டுப்புரை எனும் உணவுக்கூடங்களில் பிராமணருக்கு அரசுச் செலவில் சாப்பாடு பல்லாண்டு தொடர்ந்தது. ஒதுக்கப்பட்ட புலையர் சமூகத்தின் பிள்ளைகளுக்கோ அரசுப் பள்ளிக் கதவு திறக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அச்சமூகத் தலைவர் அய்யன்காளி போராடித்தான் அது திறந்தது. உயர் பதவிகளில் வெளியூர் பிராமணரே நிறைந்திருப்பதை எதிர்த்து 1891-இல் 10,000-க்கும் மேற்பட்டோர் மலையாளி மெமோரியல் என்ற மனுவில் கையெழுத்திட்டனர். அக்ரகாரங்கள் நிறைந்த வலியசாலையின் வரலாற்றில் இந்த எதிர்ப்பையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

திருவிதாங்கூர் கேரளத்தின் பகுதியான பின், 1957-இல் நிதியமைச்சர் அச்சுத மேனன் மாநிலத்தின் முதல் பட்ஜெட்டை வைத்தார். 1996-இல் தொடங்கிய மக்கள் திட்டம், திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதத்தை உள்ளாட்சிகளிடம் கொடுத்தது. 2023 பட்ஜெட்டில் அன்றைய நிதியமைச்சர் கே.என். பாலகோபால், சமூகப் பாதுகாப்பு நிதிக்காகப் பெட்ரோல், டீசல் லிட்டருக்கு 2 ரூபாய் செஸ் விதித்தார். அந்த ஆண்டில் முதியோர் பெற்ற மாத ஓய்வூதியம் 1,600 ரூபாய்.