கலத்திலிருந்தே கலம்

உயிருள்ள உடல் யாவும் கலங்களால் ஆனது; ஒவ்வொரு கலமும் தனக்கு முன்னிருந்த கலமொன்று பிரிவதாலேயே தோன்றுகின்றது. பாடசாலை மாணவனும் இன்று அறிந்த உண்மை இது. ஆனால், இதனை நிலைநாட்டப் பாடுபட்ட மனிதனின் பெயரைக் கேட்டால் நம்மிற் பலர் விழிப்போம். இம்மறதி தற்செயலானதன்று.

1665இல் றொபேட் ஹூக் தக்கையின் மெல்லிய சீவலை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்துச் சிற்றறைகளைக் கண்டார். அவர் கண்டவை உயிர்நீங்கிய வெற்றுச் சுவர்களே. தாவரங்கள் கலங்களால் ஆனவை என்று 1838இல் சிலெய்டனும், விலங்குகளும் அவ்வாறானவையே என்று 1839இல் சுவானும் நிறுவினர். அப்படியாயின், புதிய கலம் எங்கிருந்து வருகின்றது? கரைசலிற் பளிங்கு திரள்வது போல, உருவமற்ற பொருளிலிருந்து கலம் திரள்கின்றது என்றே அவ்விருவரும் எண்ணினர்.

இவ்வெண்ணத்தைத் தகர்த்தவர் றொபேட் றேமாக். 1815இல் பிரஷ்ய ஆட்சிக்குட்பட்ட போசன் நகரிற் பிறந்த யூதர். 1838இல் பேர்லினில் மருத்துவப் பட்டம் பெற்றார். ஆயினும், யூதன் பல்கலைக்கழகத்திற் கற்பிக்கலாகாது என்றது பிரஷ்ய அரசு. மதம் மாறினாற் கதவு திறக்கும், அவர் மாறவில்லை. நோயாளரைப் பார்த்துப் பிழைப்பு நடத்தியவாறே, யொஹான்னஸ் மியுல்லரின் ஆய்வுகூடத்தில் ஊதியமின்றி உழைத்தார்.

கோழி முளையத்தின் குருதிக் கலங்கள் இரண்டாகப் பிரிவதை அவர் 1841இல் விவரித்தார். தவளை முட்டைகளிலும் அதனையே கண்டார். வெறும் பொருளிலிருந்து கலம் தோன்றும் என்பது, உயிர் தானே முளைக்கும் என்ற பழைய நம்பிக்கையைப் போன்றதே என்று 1852இல் எழுதினார். நோயுற்ற இழையங்களுக்கும் இவ்விதி பொருந்தும் என்றார்.

இவ்விடத்தில் இன்னொருவர் வருகின்றார்: ருடோல்ப் விர்க்கோ. 1848இல் மேற் சிலேசியாவிற் பரவிய தைபசு நோயை ஆராய்ந்து, அதற்கு மருந்து மக்களாட்சியும் கல்வியுமே என்று அஞ்சாது எழுதியவர். உடலைக் கலங்களென்னும் குடிமக்களின் அரசாக உவமித்தவர். கலத்திலிருந்தே கலம் என்பதை 1855இல் முழங்கி, 1858இல் வெளியான தம் நூலால் நோயியலையே மாற்றியமைத்தவரும் அவரே. ஆனால், அம்முழக்கத்திலே றேமாக்கின் உழைப்புக்கு உரிய இடம் கிடைக்கவில்லை. உரிமைக்குக் குரல்கொடுத்தவரும் அருகிலிருந்தவரின் உரிமையை மறக்கக்கூடும் என்பதை இங்கே காண்கின்றோம்.

மன்னனுக்கு விண்ணப்பித்துப் போராடி, 1847இல் றேமாக் விரிவுரையாளரானார். 1859இல் துணைப் பேராசிரியர் பதவி கிடைத்தது. முழுப் பேராசிரியராகாமலே 1865இல் இறந்தார். அவர் பெயரையே தாங்கிய பேரன், கணித அறிஞர், 1942இல் அவுஸ்விற்ஸ் முகாமில் உயிரிழந்தார். பாட்டனுக்குக் கதிரையை மறுத்த வெறுப்பு, பேரனின் உயிரையே குடித்தது.

றேமாக் திறந்த வழியில் அறிவியல் நெடுந்தூரம் சென்றுவிட்டது. உட்புகுவதையும் வெளியேறுவதையும் ஒழுங்குபடுத்துவது மென்சவ்வு. பரம்பரைச் செய்தியைக் காப்பது கரு. உணவிலிருந்து சக்தியைப் பெற்றுத் தருவது இழைமணி. புற்றுநோய் வெளியிலிருந்து வந்த பகைவனன்று, கட்டுப்பாடிழந்து பெருகும் நம் சொந்தக் கலமே என்பதையும் அறிவோம்.

நுணுக்குக்காட்டியின் கீழே மன்னனின் கலத்துக்கும் யூதனின் கலத்துக்கும் ஒரே அமைப்பு, ஒரே தொழில். அதைக் கண்டு சொன்னவனுக்கே அந்நாட்டிற் கதிரை இருக்கவில்லை. மாணவருக்குக் கலத்தைக் கற்பிப்போர் இக்கதையையும் சேர்த்தே கற்பிப்பார்களாக!