வீட்டில் பால் புடிங்: ஜெலற்றினா, கடற்பாசியா?

பால், சீனி, ஜெலற்றின் மூன்றும் இருந்தால் பால் புடிங் செய்துவிடலாம். முட்டை வேண்டாம், அவண் வேண்டாம். இத்தாலியர்கள் பாலாடையில் இதேபோலச் செய்வதைப் பன்னா கொத்தா என்பார்கள். களனி ஆற்றுக்கு வடக்கே உள்ள பேலியகொடையிலும் ஆற்றுக்குத் தெற்கே கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தையிலும் செய்பவர்கள் இரண்டு விடயங்களை முதலில் அறிந்துகொள்ள வேண்டும்: ஜெலற்றின் எதிலிருந்து வருகிறது, கொழும்பு வெக்கையில் அது எவ்வளவு தாங்கும்.

ஜெலற்றின் மச்சமா?

ஆம். மாடு, பன்றி போன்றவற்றின் தோலிலும் எலும்பிலும் இருந்தே ஜெலற்றின் எடுக்கப்படுகிறது. மீன் தோலிலிருந்து எடுப்பதும் உண்டு. ஆகவே விரத நாளிலும் திவசத்திலும் மரக்கறிக்காரருக்கும் இது ஆகாது. மாட்டிறைச்சி உண்ணாத இந்துக்கள் மாட்டு ஜெலற்றினைத் தவிர்ப்பார்கள். முஸ்லிம்கள் ஹலால் முத்திரையைப் பார்ப்பார்கள். கடையில் விற்கும் யோகட் பலவற்றிலும் ஜெலற்றின் சேர்க்கப்படுகிறது. பாலில் செய்தது என்பதால் அதை மரக்கறி என்று எண்ணிவிடக் கூடாது. கோப்பையில் உள்ள சிறிய எழுத்தை வாசியுங்கள்.

ஜெலற்றினில் செய்யும் முறை (5 பேருக்கு)

பால் அரை லீற்றர், சீனி 4 மேசைக்கரண்டி, ஜெலற்றின் தூள் 7 கிராம் (2 தேக்கரண்டி அளவு), குளிர்ந்த தண்ணீர் 4 மேசைக்கரண்டி, வனிலா சில துளிகள், ஒரு சிட்டிகை உப்பு. பசும்பால் கிடைக்காவிட்டால் அரை லீற்றர் தண்ணீருக்கு 8 மேசைக்கரண்டி பால்மா கரையுங்கள். ரின்பால் சேர்ப்பதானால் சீனியை விட்டுவிடலாம்.

1. குளிர்ந்த தண்ணீரின் மேல் ஜெலற்றின் தூளைப் பரவலாகத் தூவி 10 நிமிடம் ஊறவிடுங்கள். தூளின் மேல் தண்ணீரை ஊற்றினால் கட்டிபடும்.
2. பாலைச் சீனி, உப்புடன் காய்ச்சி இறக்குங்கள். 2, 3 நிமிடம் ஆறவிடுங்கள்.
3. ஊறிய ஜெலற்றினைச் சேர்த்து, மணி எதுவும் தெரியாதவரை கலக்குங்கள். அதன்பின் கொதிக்கவைக்க வேண்டாம். கொதித்தால் உறையும் சக்தி குறையும்.
4. வனிலா சேர்த்து வடிகட்டிச் சிறு கோப்பைகளில் ஊற்றுங்கள். சூடு தணிந்ததும் மூடி, குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் 4 முதல் 6 மணிநேரம் வையுங்கள். ஐஸ் தட்டில் வைத்தால் பின்னர் தண்ணீர் விடும்.

பழம் போடும்போது

புறக்கோட்டையில் இருந்த மெனிங் சந்தை 2020இல் பேலியகொடைக்கு வந்தபின், இப்பகுதியில் அன்னாசியும் பப்பாசியும் தாராளம். ஆனால் இவ்விரண்டையும் பச்சையாகக் கலந்தால் ஜெலற்றின் உறையாது. இறைச்சியை மெதுவாக்கப் பப்பாசிக்காய் போடுகிறோம் அல்லவா, அதே வேலையை அது ஜெலற்றினிலும் செய்யும். பழத்தைச் சீனியுடன் 5 நிமிடம் கொதிக்கவைத்து ஆறிய பின் சேருங்கள். மாம்பழம், வாழைப்பழம் என்றால் இந்தத் தொல்லை இல்லை.

வெக்கையும் மின்வெட்டும்

ஜெலற்றின் சுமார் 30 பாகை செல்சியஸில் இளகத் தொடங்கும். வாயில் கரைவதும் அதனால்தான், கொழும்பில் மேசையிலேயே கரைவதும் அதனால்தான். உண்ணும் நேரத்தில்தான் வெளியே எடுக்க வேண்டும். 2 மணிநேரத்துக்கு மேல் வெளியில் இருந்த பால் புடிங்கைப் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டாம். மின்சாரம் நின்றால் பெட்டியைத் திறக்காதீர்கள். மூடியபடி இருந்தால் சுமார் 4 மணிநேரம் குளிர் நிற்கும். 2022 மார்ச் இறுதியில் போல நாளுக்கு 13 மணிநேரம் மின்வெட்டு என்றால் அன்று இதைச் செய்யாமல் விடுவதே நல்லது.

கடற்பாசியில் செய்யும் முறை

சைனா கிராஸ் என்று கடைகளில் விற்கும் கடற்பாசி, கடல் தாவரத்திலிருந்து வருவது. மரக்கறிக்காரருக்கும் ஏற்றது. முஸ்லிம் வீடுகளில் நோன்பு காலத்தில் இதற்குத் தனி இடம் உண்டு. புத்தளம், திருகோணமலைக் களப்புகளில் கிடைத்த ஒருவகைப் பாசி முன்னர் 'சிலோன் மொஸ்' என்ற பெயரில் வெளிநாடுகளிலும் அறியப்பட்டிருந்தது.

ஒரு மட்டத் தேக்கரண்டி கடற்பாசித் தூளை ஒரு கோப்பைத் தண்ணீரில் (200 மில்லி லீற்றர்) கலந்து 3 நிமிடம் கொதிக்கவிடுங்கள். 300 மில்லி லீற்றர் பாலைச் சீனியுடன் காய்ச்சிச் சூட்டோடு சேருங்கள். குளிர்ந்த பாலை ஊற்றினால் உடனே கட்டிபடும். இது 40 பாகைக்குக் கீழே வரும்போதே உறையும். திரும்ப உருக 80 பாகைக்கு மேல் வேண்டும். 1990களின் முற்பகுதியில் மின்சாரமே இல்லாதிருந்த யாழ்ப்பாணம் போன்ற இடத்திலும் உறையக்கூடியது இதுதான். ஆனால் உறைந்து நின்றாலும் பால் பால்தான். குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில், செய்த 2 மணிநேரத்துக்குள் உண்டு முடிக்க வேண்டும். ஜெலற்றின் புடிங்போல வாயில் கரையாது, சற்று நறுக்கென்று இருக்கும்.

விற்பவர்களுக்கு

வீட்டில் செய்து கடைகளுக்குக் கொடுத்துக் குடும்பம் நடத்தும் பெண்கள் பலர். கோப்பையின் மேல் செய்த திகதியுடன், ஜெலற்றின் என்றால் எந்த விலங்கினது என்பதையும், கடற்பாசி என்றால் அதையும் எழுதுங்கள். குளிரில் வைத்து 3 நாட்களுக்குள் முடிப்பது பாதுகாப்பு. ஒரே தொடர்மாடியில் இந்துவும் கத்தோலிக்கரும் முஸ்லிமும் பௌத்தரும் வாங்குகிறார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்பதை அவர்கள் கேட்குமுன் நாமே சொல்லிவிட வேண்டும்.