கிருமிக்கு அஞ்சிப் பிறந்த கோப்பை

1869இல் இலங்கையில் தலைகாட்டிய இலைத்துரு நோய் கோப்பிப் பயிரை அழித்த பின்னர், டிக்கோயா மலைச்சரிவுகள் தேயிலைக்கு மாறின. அத்தேயிலையின் சாற்றை இன்று பலரும் கடதாசிக் கோப்பையில் அருந்துகின்றனர். அக்கோப்பை பாதுகாப்பின் பெயரால் பிறந்தது என்பதைப் பலர் அறியார்.

அமெரிக்காவில் பொதுவிடங்களில் ஒரே குவளையில் எல்லோரும் நீர் அருந்திய காலம் அது. பாடசாலைக் குவளைகளில் நோய்க்கிருமிகள் மலிந்திருப்பதை 1908இல் பேராசிரியர் அல்வின் டேவிசன் எடுத்துக்காட்டினார். மறுவருடமே கன்சாஸ் மாநிலம் புகையிரதங்களிலும் பாடசாலைகளிலும் பொதுக்குவளையைத் தடைசெய்தது. லோரன்ஸ் லுவெல்லன் உருவாக்கிய கடதாசிக் கோப்பை அவ்விடத்தைப் பிடித்தது.

ஆனால் அது குளிர்ந்த நீருக்கென வந்த கோப்பை. சூடான தேநீரை ஏந்தும் இன்றைய கோப்பையிலோ, கடதாசி ஊறாதிருக்க உட்புறத்தில் மெல்லிய பொலித்தீன் படலம் ஒட்டப்படுகிறது. 85 முதல் 90 பாகை செல்சியஸ் சூடுள்ள 100 மில்லிலீற்றர் நீர் அதில் 15 நிமிடம் இருந்தால், ஏறத்தாழ 25,000 நுண்பிளாஸ்டிக் துகள்கள் கலப்பதாகக் கரக்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் 2020இல் கண்டனர். தமிழ்நாடு 2019 சனவரியிலேயே இத்தகைய கோப்பைகளைத் தடைசெய்திருந்தது; 2023இல் இந்திய உச்ச நீதிமன்றமும் அத்தடையை ஏற்றது.

அத்துகள்கள் உடலுக்கு எவ்வளவு தீங்கு செய்யும் என்பது இன்னும் ஆய்விலேயே உள்ளது. அதுவரை டிக்கோயாத் தேநீர்க் கடைக்காரருக்கு எளிய வழியொன்று உண்டு: கொதிநீரில் நன்கு கழுவிய கண்ணாடிக் குவளை. 1908இன் அச்சமும் அதில் இல்லை. 2020இன் அச்சமும் இல்லை.