தவறிய கணிப்பு

1940. லண்டன் மீது ஜெர்மன் விமானங்கள் குண்டு வீசிக்கொண்டிருந்தன. விமானம் சில நொடிகளில் எங்கே இருக்கும் என்று முன்கூட்டியே தெரிந்தால்தான் பீரங்கிக் குண்டு அதைத் தொடும். அமெரிக்காவின் எம்.ஐ.டி. கணிதப் பேராசிரியர் நார்பர்ட் வீனர் அந்தக் கணக்கில் இறங்கினார். 1942-ல் மஞ்சள் அட்டையோடு வெளிவந்த அவருடைய ரகசிய அறிக்கையின் கடினக் கணிதம் பொறியாளர்களைக் கதிகலங்க வைத்தது. ‘மஞ்சள் அபாயம்’ என்றே பெயரிட்டார்கள். விமானத்தின் இடத்தைக் கணிக்க வீனர் வடிவமைத்த கருவியோ போர்க்களத்தைப் பார்க்கவே இல்லை.

அவருடைய சகா நார்மன் லெவின்சன் 1947-ல் அந்தக் கணிதத்தைக் கையால் போடும் அளவுக்கு எளிதாக்கினார். அதற்கேற்ற சிக்கல்தான் பாக்கி.

அது மண்ணுக்கடியிலிருந்து வந்தது. எண்ணெய் தேடுகிறவர்கள் துளையில் வெடி வைப்பார்கள். பாறை அடுக்குகளில் பட்டுத் திரும்பும் அதிர்வை ஜியோபோன்கள் வாங்க, காகிதத்தில் கோடுகள் விழும். பல இடங்களில் அவை வெறும் கிறுக்கல். மேல் அடுக்குகளுக்குள்ளேயே மோதி மோதி நீளும் அதிர்வில் ஆழத்துச் செய்தி மூழ்கிவிடும். ‘எதிரொலி இல்லை’ என்று ஒதுக்கிவிடுவார்கள்.

1950-ல் எம்.ஐ.டி.யின் இளம் மாணவர் எண்டர்ஸ் ராபின்சன், பேராசிரியர் ஜார்ஜ் வாட்ஸ்வொர்த்தின் வழிகாட்டலில், அத்தகைய கோடுகளை அளந்து எண்களாக்கினார். முந்தைய புள்ளிகளை வைத்து அடுத்ததைக் கணித்தார். கணிப்பு பலித்தவரை பழைய அதிர்வின் இழுவை. திடீரென்று தவறிய இடத்தில் ஆழத்திலிருந்து புதிய எதிரொலி! எந்தப் பிழையைக் குறைக்க வீனர் பாடுபட்டாரோ, அந்தப் பிழையே ராபின்சனுக்குப் புதையல். இந்தத் தலைகீழ்ப் பார்வையைத்தான் முழுக் கதையின் உச்சம் என்பேன்.

1952-ல் எம்.ஐ.டி.யின் வேர்ல்விண்ட் கணினி அதே கணக்கைப் போட்டது. எண்ணெய் நிறுவனங்கள் பணம் தர, ஓர் ஆய்வுக்குழு உருவானது. ஆனால் கணினி நேரம் யானை விலை. 1957-ல் அந்தக் குழுவே கலைந்தது.

காப்பாற்றியது கணினியை மலிவாக்கிய டிரான்சிஸ்டர். எண்ணெய் தேடும் கம்பெனியாகத் தொடங்கி மின்னணுவியலுக்குத் தாவிய டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ், 1960-களில் அதிர்வுகளை எண்களாகவே பதியும் கருவிகளைக் களத்துக்கு அனுப்பியது. ராபின்சனின் முன்கணிப்பு முறை ‘டீகன்வல்யூஷன்’ என்ற பெயரில் அன்றாட வேலையானது.

1967-ல் பெல் ஆய்வகத்தில், இந்தியாவில் பிறந்த பிஷ்ணு அடல் முன்கணிப்பை மனிதக் குரலுக்குப் பொருத்தினார். தரமணி டைடல் பார்க் வாசலில் செல்போனில் பேசுகிறவரின் குரலும் அப்படித்தான் பயணிக்கிறது: கணிக்க உதவும் சில எண்களும், கணிப்பில் மிஞ்சிய பிழையின் சுருக்கமும்தான் கோபுரத்தை எட்டுகின்றன.