பெட்டிக்குள் அடைபட்ட ஆட்டம்: சில குறிப்புகள்

சடையங்குப்பத்தில் என் பால்யத்தில் 'வீடியோ கேம்' என்று ஒன்று இருந்ததில்லை. 'டி.வி. கேம்'தான். மாமா பர்மா பஜாரில் வாங்கிவந்த பெட்டி. கேசட்டைச் செருகிப் படம் வரலேன்னா, கழற்றி வாயால் ஊதி மறுபடி செருகணும். அது நிண்டெண்டோ 1983-இல் ஜப்பானில் வெளியிட்ட பெட்டியின் நகல் என்பது வெகுகாலம் கழித்தே தெரிந்தது. பர்மாவிலிருந்து துரத்தப்பட்டு வந்தவர்கள் துறைமுகத்தோரம் போட்ட கடைத்தெருவில் ஜப்பானிய மூலதனத்தின் நகல் விற்றது. இதை எந்தத் தொழில்நுட்ப வரலாறும் எழுதப்போவதில்லை.

அந்த ஜப்பானியப் பெட்டியில் பூட்டு கிடையாது. 1985-இல் அமெரிக்காவில் இறக்கியபோதுதான் நிண்டெண்டோ உள்ளே ஒரு சில்லு வைத்தது. உரிமம் பெறாத கேசட் ஓடாது. உரிமம் பெற்ற வெளியீட்டாளனும் ஆண்டுக்கு 5 ஆட்டங்களுக்கு மேல் போடக் கூடாது, போட்டதை 2 ஆண்டுகளுக்கு வேறு பெட்டிக்குத் தரக் கூடாது. கேசட்டையும் நிண்டெண்டோவிடமே செய்து வாங்க வேண்டும். ஆட்டத்தைக் காட்டிப் பெட்டியை விற்பது என்பதுதான் இதன் சூத்திரம். சோனியும் மைக்ரோசாஃப்டும் பிறகு இதே வழியில்தான் வந்தார்கள்.

இன்று அந்தச் சுவரை அவர்களே இடிக்கிறார்கள். 'ஹொரைசன் ஸீரோ டான்' 2020-இல் கணினிக்கு வந்தது. 2024-இல் மைக்ரோசாஃப்ட் தன் 4 ஆட்டங்களைப் போட்டியாளர்களின் பெட்டிகளுக்குத் தருவதாக அறிவித்தது. 'தாராள மனசு' என்று நம் இளைஞர்கள் சிலர் கொண்டாடுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. 2023-இல் அமெரிக்க நீதிமன்றத்தில் வெளியான ஆவணங்களின்படி 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' இரண்டாம் பாகத்துக்கு ஆன செலவு சுமார் 22 கோடி டாலர். ஒரு பெட்டிக்காரர்கள் மட்டும் வாங்கி இந்தப் பணம் எங்கே திரும்பும்? பெட்டி விற்கக் கட்டிய சுவர் ஆட்டம் விற்கத் தடையாகிவிட்டது, அவ்வளவுதான்.

சிறியவர்கள் கதை வேறு. புனேயில் உருவான 'ராஜி' 2020 ஆகஸ்டில் நிண்டெண்டோ ஸ்விட்சில் மட்டும் வந்தது, மற்ற பெட்டிகளுக்கு அக்டோபரில்தான். கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பத்தையும் சிதைந்துபோன சமையல் குறிப்பையும் வைத்து டொரண்டோவில் செய்த 'வெண்பா' 2023 ஜூலையில் கணினி, ஸ்விட்ச், எக்ஸ்பாக்ஸ், பிளேஸ்டேஷன் என எல்லாவற்றிலும் ஒரே நாளில் இறங்கியது. இட்லி அவிக்கும் ஒரு தமிழ்த்தாயைப் பார்க்க யாரும் தனியாக ஒரு பெட்டி வாங்கமாட்டாங்க. எல்லா வாசலிலும் நின்றாக வேண்டும்.

ஆனால் பூட்டு தொலைந்துவிட்டதா? பெட்டியிலிருந்து கணக்குக்கு மாறியிருக்கிறது என்றே தோன்றுகிறது. 2024 மே மாதம் 'ஹெல்டைவர்ஸ் 2' ஆட்டத்தைக் கணினியில் ஆடவும் தன்னிடம் கணக்கு வேண்டும் என்றது சோனி. எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களில் பின்வாங்கியது. ஆனால் அந்தக் கணக்கே தொடங்க முடியாத 170-க்கும் மேற்பட்ட நாடுகளில் விற்பனை நிறுத்தப்பட்டது. இலங்கையும் அதில் ஒன்று. யாழ்ப்பாணத்துப் பையன் கையில் காசும் கணினியும் வைத்திருந்தும் அதை அன்று வாங்க முடியவில்லை.