கிளிமஞ்சாரோ மலையுச்சி வானிலை நோக்கல்

கிளிமஞ்சாரோ மலையுச்சி வானிலை நோக்கல் என்பது தான்சானியாவில் உள்ள, 5,895 மீட்டர் உயரமான கிளிமஞ்சாரோ மலையின் உச்சிப் பகுதியில் வானிலைக் கூறுகளை அளந்து பதிவு செய்யும் ஆய்வுப் பணி ஆகும். இம்மலை நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே சுமார் 3 பாகையில் அமைந்துள்ளது.

நிலையம்

2000 பெப்ரவரியில் மாசச்சூசெட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வடக்குப் பனிவயலின் மீது தானியங்கி வானிலை நிலையம் ஒன்றை நிறுவினர். இது வெப்பநிலை, ஈரப்பதன், காற்றின் வேகம், சூரியக் கதிர்வீச்சு ஆகியவற்றை அளந்ததுடன், மீயொலி உணரியின் உதவியால் பனிமட்டத்தின் ஏற்ற இறக்கத்தையும் பதிவு செய்தது.

கண்டறிந்தவை

1912-இல் சுமார் 12 சதுர கிலோமீட்டராக இருந்த பனிப்பரப்பு, 2011-இல் 2 சதுர கிலோமீட்டருக்கும் குறைவாகச் சுருங்கியது. ஆயினும் உச்சியில் காற்றின் சராசரி வெப்பநிலை உறைநிலைக்குக் கீழேயே உள்ளது. எனவே, வெப்பக் காற்றினால் பனி உருகுவது மட்டுமே இவ்விழப்பிற்குக் காரணம் அன்று.

மார்ச்-மே, அக்டோபர்-டிசம்பர் ஆகிய இரு மழைக்காலங்களில் பொழியும் புதுப்பனி, வெண்மையால் சூரிய ஒளியைத் திருப்பி அனுப்பிப் பழைய பனியைக் காக்கிறது. பொழிவு குறைந்தால் பழைய பனி கூடுதல் ஒளியை உட்கவர்கிறது. வறண்ட காற்றில் அதன் ஒரு பகுதி நீராகாமலே நேரடியாக ஆவியாகிறது. இந்நிகழ்வு பதங்கமாதல் எனப்படும். பனிவயலின் செங்குத்து விளிம்புகளோ, காற்று குளிர்ந்திருக்கும்போதும் நேரடி வெயிலால் உருகிப் பின்வாங்குகின்றன.